பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு

ஜுஃபைரில் ஒரு இருபத்தியிரண்டு மாடிக்கு
வால்வு தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே நாற்பத்தியாறு டிகிரி.
ஆறு டிகிரியில் கிளம்பும் தண்ணீர்
என் அட்டவணையில் கட்டம் கட்டமாக ஏறுகிறது.

தண்ணீருக்கு நியாயம் கிடையாது.
வழி லேசாக இருந்தால் போகும், அவ்வளவுதான்.
விட்டுவிட்டால்
பம்பை ஒட்டிய இரண்டாம் மாடியில்
பல் டாக்டரின் நோயாளிகள் போர்வை கேட்பார்கள்.
இருபதாம் மாடியில்
காலை பத்து மணிக்கே வாடகையைத் திட்டுவார்கள்.
நடுவில் யாராவது நின்று
"உனக்கு இது போதும்" என்று சொல்லவேண்டும்.
சொல்வது வால்வு.
எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்.

குழாய் ஐம்பது எம்எம் என்றால் வால்வும் ஐம்பது.
இப்படித்தான் ஊரே வாங்குகிறது.
கொள்முதல் பிரிவு ஜிப்ரான் பாய்க்கும் அதில் ஒரு நிம்மதி:
எண்ணிக்கை, விலை, கப்பல் தேதி.
நான் சொன்னேன்: செருப்பைக் கால் அளவுக்கு வாங்குவோமா,
வாசற்படி அளவுக்கா?
பெரிய வால்வு
கால் சுற்றுத் திறப்பில் முனகிக்கொண்டு கிடக்கும்.
மீட்டர் படிக்க அழுத்தம் மிஞ்சாது.
எண் வரும். எண்ணை நம்ப முடியாது.
அவர் கரக்கை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு
"செருப்பும் இப்போ ஃப்ரீ சைஸ், மேடம்" என்றார்.

தானே சமன் செய்துகொள்ளும் ரகத்தைக் கேட்டுப் பார்த்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
மூன்று கூட்டம், இரண்டு பெட்டி பேரீச்சை.
கிடைத்தது, கையால் திருகுவது.

அப்புறம் கடைசி வரி.
கூரை. அறை நான்கு. காவலாளி.
நொடிக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு லிட்டர்.
ஒரு டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு.
"எடுத்துவிடு. ஜன்னல் ஏசி போதும், பம்பும் ஒரு சைஸ் இறங்கும்"
கன்சல்டன்ட் ஹோசாம்
சிவப்புப் பேனாவை மூடாமலே சொன்னார்.

இறங்கும். உண்மை.
அந்த உண்மையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.
பம்பின் பலத்தைத் தீர்மானிப்பது
பல் டாக்டர் இல்லை,
பளிங்குக் குளியலறை வைத்த பத்தொன்பதாம் மாடி இல்லை.
கடைசிச் சுருள்வரை போய்த் திரும்புவதில்
தண்ணீர் படும் பாட்டைக் கணக்கிட்டுத்தான்
மோட்டார் வாங்குகிறோம்.
அந்த அறையின் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்.
மற்ற முந்நூற்றுப் பதினொன்றும்
அதற்கு ஏற்றபடி
கொஞ்சம் கொஞ்சம் மூடிக்கொள்ளும்.

இதை ஹோசாமிடம் சொல்லவில்லை.
"மாறுதல் இல்லை" என்று மட்டும் எழுதினேன்.

சாதா பதினைந்து எம்எம்கூட
இந்த மெல்லிய ஓட்டத்துக்குத் தொளதொள.
குறைந்த ஓட்ட ரகம் வேண்டும். எட்டு வாரம்.
ஒன்றே ஒன்றுக்கா என்று தலையில் அடித்துக்கொண்ட ஜிப்ரான் பாய்
மறு வெள்ளிக்கிழமை
தம்மாமிலிருந்து தன் மச்சானைப் பாலம் தாண்டவைத்தார்.
காரின் பின்சீட்டில் ஒரு சட்டி பிரியாணி,
ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

செப்டம்பர்.
மன்னார்க்காரர் தர்மகுலசிங்கம்
இரண்டு ஊசிகளை வால்வில் குத்தி
மீட்டரை வெயிலுக்கு மறைத்துக்கொண்டார்.
"ஐம்பத்தெட்டு நிக்குது, பிள்ளை. காணும்."
அவர் ஊரில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம்.
எனக்கு இரண்டுமாய்க் கேட்டது.

அறைக்குள் குல் ஜமான்,
இரவு முறை முடிந்து
கம்பளியை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்.
காற்று வரும் துவாரத்தில் பாதியை
ஒரு அட்டை வைத்து அடைத்திருக்கிறார்.
அதில் வால்வு கம்பெனியின் பெயர்,
தலைகீழாக.